ஒரு கரண்டிப் பருப்பும் ஒரு சொட்டு ரத்தமும்

தட்டும் தராசும்: வாசகர் கேள்விகளுக்கு உணவியல் ஆலோசகர் பதில்

போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில் ஃபீனைல்கீட்டோனூரியா பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நம் ஊரில் அபூர்வமான நோய், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதங்களை அனுப்பி, "இந்த மாதம் முழுக்க இதையே எழுதிவிடுங்கள்" என்றுவிட்டார். சர்க்கரைக்காரர்களும் தைராய்டுக்காரர்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு விஷயம் இதுதான். நாம் சாப்பிடும் புரதம் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைகிறது. அதில் ஒன்று ஃபீனைல்அலனின். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மிச்சத்தைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி டைரோசின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றிவிடும். ஃபீனைல்கீட்டோனூரியா, சுருக்கமாகப் பி.கே.யூ., உள்ளவர்களுக்கு அந்த நொதி வேலை செய்வதில்லை, அல்லது அரைகுறையாகச் செய்கிறது. ஃபீனைல்அலனின் ரத்தத்தில் தேங்குகிறது, டைரோசின் குறைகிறது. கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி நிரந்தரமாகக் கெட்டுவிடும். பிறந்த சில நாட்களிலேயே சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டால் மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். பருப்பு, பால், முட்டை, கறி கிடையாது. சோறு, காய், பழத்திலிருந்து அளந்த புரதம் கொஞ்சம். மீதிப் புரதத்துக்கு ஃபீனைல்அலனின் நீக்கிய அமினோ அமிலப் பவுடர். இனி கடிதங்கள்.

என் மகனுக்கு மூன்று வயது. முதல் பெண்ணுக்குத் தாமதமாகத் தெரிந்ததால் இவனுக்குப் பிறந்த வாரமே பார்த்துவிட்டோம். நாளுக்கு 6 கிராம் புரதம் என்று அளந்துதான் கொடுக்கிறோம். ரத்தத்தில் ஃபீனைல்அலனின் லெவல் எப்போதும் 4, 5 என்றே இருக்கும். போன மாதம் காய்ச்சல். நாலு நாள் பவுடரைக் குடித்தால் வாந்தி. பயந்துபோய்ச் சோற்றையும் நிறுத்தி, கஞ்சித் தண்ணீரும் இளநீரும்தான் கொடுத்தோம். டெஸ்ட் எடுத்தால் 11. ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்கு எப்படி ஏறும்? சோற்றை இன்னும் குறைக்கட்டுமா?
*ஒரு தாய், ஆத்தூர், சேலம் மாவட்டம்*

குறைக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் பையன் அந்த நாலு நாளும் சாப்பிட்டிருக்கிறான், அம்மா. தன் சதையைச் சாப்பிட்டிருக்கிறான். வெளியிலிருந்து போதுமான சக்தி வராதபோது உடம்பு தசையைக் கரைத்து எரிக்கும். காய்ச்சல் அதை இன்னும் வேகப்படுத்தும். நூறு கிராம் தசையில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் இருக்கிறது. அவனுடைய ஒருநாள் பங்கு 6 கிராம்தானே, அப்படியானால் நூறு கிராம் கரைந்தாலே மூன்று நாள் பங்குக்கு மேல் உள்ளிருந்தே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. நீங்கள் தட்டில் நிறுத்தியது வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது.

இளநீர் நல்லதுதான், ஆனால் ஒரு டம்ளரில் 40 கலோரி இருந்தால் அதிகம். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஆயிரம் கலோரியாவது வேண்டும். நீங்கள் சேலம் மாவட்டம், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். ஜவ்வரிசி உங்கள் ஊர்ச் சரக்கு. குச்சிக்கிழங்கின் மாவுச்சத்து மட்டும்தான் அதில் இருக்கிறது. நூறு கிராமில் புரதம் அரை கிராம்கூடக் கிடையாது. முப்பது கிராம் ஜவ்வரிசியைக் கண்ணாடி போல வேகவைத்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் நெய் சேர்த்தால் 190 கலோரி ஆகிறது. கணக்கில் எழுத வேண்டிய புரதம் அனேகமாகச் சைபர். காய்ச்சல் நாளில் இதை மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிப் பாருங்கள். பால் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

அப்புறம் பவுடர். அது மருந்து, சோறுதான் சாப்பாடு என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பவுடர்தான் சாப்பாடு. உங்கள் மகன் உடம்புக்குப் போகும் புரதத்தில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு அந்த டப்பாவிலிருந்து வருகிறது. அது உள்ளே போனால்தான் தசை கரைவது நின்று, ரத்தத்தில் திரியும் ஃபீனைல்அலனினும் புதுத் தசை கட்டப் பயன்படும். வாந்தி வந்தால் ஒருவேளை அளவை நாலாகப் பிரித்து, குளிர வைத்து, அரைமணிக்கு ஒருதரம் கொடுத்துப் பாருங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், நாலு நாள் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் நாளில் சோற்றின் பங்கை மாற்றுவதா என்பதையும் அவர் சொல்லட்டும்.

நீங்கள் செய்த தவறை உங்களுக்கு முன்னால் பெரிய பெரிய டாக்டர்கள் செய்திருக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு தாய் இரண்டு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார். பி.கே.யூ.தான் என்று ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற டாக்டர் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் வைத்தியம் என்று எதுவும் அப்போது கிடையாது. அந்தத் தாய் விடவில்லை. காலையில் பரிசோதனைக்கூட வாசலில் வந்து நின்று, என் பெண்ணுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கடைசியில் பால் புரதத்தை உடைத்து, கரியில் வடிகட்டி ஃபீனைல்அலனினை நீக்கி, ஓர் உணவைத் தயாரித்தார்கள். முதலில் ஃபீனைல்அலனின் அறவே இல்லாமல் கொடுத்தார்கள். சிறுநீரில் கோளாறு மறைந்தது. ஆனால் பெண் இளைக்க ஆரம்பித்தாள், அவள் தசையே கரைவது சோதனையில் தெரிந்தது. அப்புறம்தான் சாதாரணப் பாலைக் கொஞ்சம் அளந்து சேர்த்தார்கள். உடம்பும் தேறியது, பிள்ளையும் தவழ, நிற்க ஆரம்பித்தாள். 1953இல் இதை எழுதி வெளியிட்டார்கள். ஃபீனைல்அலனின் விஷம் அல்ல, நம் உடம்பால் செய்துகொள்ள முடியாத, வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டிய பொருள் என்பதை அந்தப் பெண்ணின் எடைக் கணக்கு கண்முன்னே காட்டிக்கொடுத்தது.

அதனால்தான் லெவலுக்கு மேல்வரம்பு போலவே கீழ்வரம்பும் உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 2 முதல் 6 மில்லிகிராம் வரை என்றால் 2க்குக் கீழே போனாலும் போன் செய்யுங்கள். எடை ஏறாமை, தோலில் சிவப்பு, முடி கொட்டுவது எல்லாம் அளவுக்கு மீறிக் குறைத்ததன் அடையாளமாக இருக்கலாம்.

டயட் கோலா பாட்டிலில் 'ஃபீனைல்கீட்டோனூரிக்குகளுக்கு ஏற்றதல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய். நான் குடிக்கலாமா?
*ஒரு வாசகர், ஈரோடு*

அந்த வரி உங்களுக்கு இல்லை, ஐயா. அதில் போட்டிருக்கும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியின் எடையில் பாதிக்கு மேல் ஃபீனைல்அலனின். அதற்காக எழுதியது. கோலா குடிக்கலாமா என்பது வேறு வழக்கு, அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம். ஆனால் பி.கே.யூ. பிள்ளை உள்ள வீடுகள் கோலாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங் கம், சப்பிச் சாப்பிடும் மாத்திரை, சில குழந்தை மருந்துகள் எல்லாவற்றிலும் இந்த ஆள் ஒளிந்திருப்பான். வெறும் சர்க்கரை போட்ட சோடாவில் அந்தக் கவலை இல்லை. ஊரெல்லாம் சர்க்கரையைக் குறை என்று சொல்லும் நான், இந்த ஒரு கூட்டத்திடம் மட்டும் சர்க்கரை போட்டதையே வாங்கு என்கிறேன்.

என் பேரனுக்கு 5 வயது. மருமகள் தராசை வைத்துக்கொண்டு சோற்றை எடை போட்டுக் கொடுக்கிறாள். பிள்ளை நான் சாப்பிடும் பருப்பு சாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரே ஒரு வாய், நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் என்ன ஆகிவிடும்? நாங்கள் எல்லாம் பருப்பு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்?
*ஒரு தாத்தா, கும்பகோணம்*

உங்கள் வருத்தம் புரிகிறது. கேட்டதற்குப் பதில் கணக்காகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

மருமகள் வைத்திருக்கும் கணக்கு இது: 1 கிராம் புரதம் என்றால் சுமார் 50 மில்லிகிராம் ஃபீனைல்அலனின். உங்கள் பேரன் வயதில், நோய் கடுமையாக இருந்தால், நாளுக்கு 300 மில்லிகிராம், சில பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. கெட்டியாக மசித்த துவரம்பருப்பு ஒரு மேஜைக்கரண்டி எடுத்தால் அதிலேயே 1 கிராம் புரதம் வந்துவிடும். 40 கிராம் சோறும் அதே 1 கிராம்தான். ஆக, நீங்கள் ஊட்டும் ஒரு கரண்டிப் பருப்பு அவன் தட்டில் இருந்து ஒரு கைப்பிடிச் சோற்றைப் பிடுங்குகிறது. ஒரு முட்டை கொடுத்தால் அன்றைய கணக்கு முழுக்கத் தீர்ந்தது. நூறு மில்லி பசும்பால் பாதிக் கணக்கைத் தின்றுவிடும்.

ஒரு வாயால் அவனுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மயங்கி விழ மாட்டான், வாந்தி எடுக்க மாட்டான். ஒன்றும் ஆகாதது போலவே இருப்பதுதான் சிக்கல். வேர்க்கடலை ஒவ்வாமை என்றால் உதடு வீங்கி உடனே காட்டிக்கொடுத்துவிடும். இது அப்படி அல்ல. தினம் ஒரு வாய் என்றால் மாதக் கடைசியில் லெவல் ஏறும், மருமகள் தான் எங்கே தப்பு செய்தோம் என்று சோற்றைக் குறைப்பாள், பிள்ளை பசியில் இளைப்பான், லெவல் இன்னும் ஏறும். என் அறைக்கு வந்து நாலு மாதம் இப்படிக் குழம்பிய ஒரு குடும்பம் உண்டு. கடைசியில் பாட்டியின் முந்தானையில் பொட்டுக்கடலை முடிச்சு அகப்பட்டது. பாட்டியைத் திட்டி அனுப்பிவிடலாம் என்றுதான் வந்தார்கள். நான் தராசை அந்தப் பாட்டி கையில் கொடுத்தேன். அதன் பிறகு அவர் அளந்த மாதிரி அந்த வீட்டில் யாரும் அளக்கவில்லை. நெல் அளந்த கை, அரை கிராம் கூடினாலும் விரலால் வழித்து எடுத்துவிடும்.

நீங்களும் அதைச் செய்யலாம். அவனோடு உட்கார்ந்து நீங்களும் சுரைக்காய்க் கூட்டு சாப்பிடுங்கள், பருப்பு போடாமல். சுரை, புடலை, பீர்க்கை, வெள்ளரி, பூசணி எல்லாம் காவிரிக்கரை வீட்டுக்குத் தெரியாத காயா? நெய் எவ்வளவு வேண்டுமானாலும் விடுங்கள், நெய்யில் புரதம் இல்லை. புளி, மிளகாய், பெருங்காயத்தில் வைத்த பருப்பில்லா ரசத்துக்கும் அனேகமாகக் கணக்கு இல்லை. முருங்கைக்கீரையை மட்டும் காய்தானே என்று விட்டுவிடாதீர்கள், அதில் நூறு கிராமுக்கு 6 கிராம் புரதம். அப்பளம் உளுந்து. சேமியாவும் மைதாவும் பார்க்க ஜவ்வரிசி போல வெள்ளையாக இருக்கும், ஆனால் நூறு கிராமுக்குப் பத்து கிராம் புரதம். பாயசத்தில் சேமியாவுக்கும் ஜவ்வரிசிக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பேரனுக்கு இரண்டு நாள் சாப்பாடு.

21 வயது. ஹாஸ்டலில் இருக்கிறேன். பவுடரின் நாற்றமும் விலையும் தாங்காமல் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டேன். பருப்பு, பால், முட்டை தொடுவதில்லை. ஆனாலும் படிப்பதில் மனம் நிற்பதில்லை, எல்லோர் மேலும் எரிச்சல் வருகிறது. ரிப்போர்ட்டில் ஃபீனைல்அலனின் 850, டைரோசின் 40, விகிதம் 21 என்று இருக்கிறது. இணையத்தில் டைரோசின் மாத்திரை விற்கிறார்கள். அதை வாங்கிச் சாப்பிட்டால் போதுமா?
*ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

தம்பி, முதலில் அந்த 850ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நன்றாக இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அது மைக்ரோமோல் கணக்கு. 60ஆல் வகுத்தால் பழைய மில்லிகிராம் கணக்கில் 14. இந்த அலகு விஷயத்தில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு எப்போதும் மில்லிகிராமில் ரிப்போர்ட் வரும், ஒரு மாதம் வேறு லேபுக்கு அனுப்பினோம். 6.2 என்று பார்த்துப் பழகிய அப்பாவுக்கு 375 என்று வந்தது. இரண்டும் ஒன்றேதான். அலகு மாறும் என்று நான் சொல்லி அனுப்பவில்லை. மனிதர் இரவோடு இரவாகப் பஸ் பிடித்து, விடிகாலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பத்தின் நோட்டிலும் முதல் பக்கத்தில் '1 மில்லிகிராம் = 60' என்று நானே எழுதிக் கொடுக்கிறேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாதாரணமாக ரத்தத்தில் ஃபீனைல்அலனினும் டைரோசினும் ஏறக்குறையச் சமமாக, இரண்டுமே 60 பக்கத்தில், இருக்கும். விகிதம் 1. உங்களுக்கு 21. மனம் நிற்காததற்கும் எரிச்சலுக்கும் இதில் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

பழனியில் பங்குனி உத்திரத்தன்று விஞ்ச்சுக்கு நின்றிருக்கிறீர்களா? பெட்டியில் இத்தனை பேர்தான் ஏறலாம். ஒரே ஊர்க்காரர்கள் நாற்பது பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டால், வரிசையில் நிற்கும் மற்ற ஊர்க்காரர் ஒன்றிரண்டு பேர் மேலே போவதே பெரிய பாடு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன், லூசின், வாலின் இவற்றுக்கெல்லாம் ஒரே விஞ்ச்தான். ஃபீனைல்அலனின் கூட்டம் கூட்டமாக நின்றால் டைரோசினும் டிரிப்டோஃபேனும் கீழேயே நின்றுவிடுகின்றன. மூளை டைரோசினிலிருந்துதான் டோபமினைச் செய்கிறது, டிரிப்டோஃபேனிலிருந்து செரட்டோனினை. கவனமும் மனநிலையும் அவற்றை நம்பி இருக்கின்றன.

இப்போது உங்கள் மாத்திரைக்கு வருவோம். வரிசையில் ஒரு பத்து டைரோசினை அதிகமாக நிறுத்தினால் என்ன ஆகும்? நாற்பது பஸ் கூட்டம் அப்படியேதானே இருக்கிறது. டைரோசினை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும் பலன் கிடைக்கவில்லை. அது ரத்தத்தில் கொஞ்ச நேரம் ஏறி இறங்கிவிடும். மற்ற அமினோ அமிலங்களையும் சேர்த்துக் கொடுத்து விஞ்ச்சில் போட்டியை உண்டாக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. உணவைக் கட்டுப்படுத்தவே முடியாத பெரியவர்கள் சிலருக்கு டாக்டர்கள் தருவதுண்டு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. ரத்தத்தின் அளவை அது சரியாக்கிவிடாது, உங்களுக்கு முதல் வழியும் அது அல்ல.

உங்கள் முதல் வழி மெஸ் தட்டில் இருக்கிறது. பருப்பு தொடுவதில்லை, சரி. சோறு எவ்வளவு? பசியில் இருக்கும் 21 வயதுப் பையன் ஒருவேளைக்கு 400 கிராம் சோறு சுலபமாகச் சாப்பிடுவான். அதில் 10 கிராம் புரதம், 500 மில்லிகிராம் ஃபீனைல்அலனின். இரண்டு வேளைக்கு ஆயிரம். காலையில் நாலு இட்லி, அதில் உளுந்து. பவுடரை நிறுத்தியதால் வயிறு நிறையவில்லை, நிறையாததைச் சோற்றால் நிரப்புகிறீர்கள். அந்தப் பக்கம் உடம்புக்கு வேண்டிய மொத்தப் புரதமும் கிடைக்கவில்லை. விட்டமின் பி12 ஒருமுறை பார்த்துவிடுங்கள். பால், முட்டை, கறி எதுவும் இல்லாதவருக்கு அது பவுடரில் சேர்த்திருக்கும் விட்டமினிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அது குறைந்தாலும் மறதி, கால் மரத்துப்போவது எல்லாம் வரும்.

நாற்றம் பற்றி. நான் ஒவ்வொரு புது டப்பாவையும் ருசி பார்ப்பேன். மழையில் நனைந்த உருளைக்கிழங்கு மூட்டையைத் திறந்த மாதிரி ஒரு வாசம், அப்புறம் நாக்கின் அடியில் கசப்பு. இதைத் தினம் மூன்று வேளை குடி என்று சொல்வதற்கு முன்னால் நானும் ஒரு டம்ளர் குடித்திருக்க வேண்டும் என்பது என் கொள்கை. நன்றாகக் குளிர வைத்து, மூடி போட்ட பாட்டிலில் உறிஞ்சிக் குடித்தால் வாசம் மூக்குக்கு வராது. எலுமிச்சை, நன்னாரி சர்பத் கலந்து பாருங்கள். பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரில் கிளைகோமேக்ரோபெப்டைட் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதில் செய்த வகைகள் இந்த அளவுக்கு நாறாது. கொஞ்சம் ஃபீனைல்அலனின் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் எதைக் குடித்தாலும் ஒரே வேளையில் மொத்தத்தையும் குடித்துவிட்டு அன்றைய கடன் தீர்ந்தது என்று போகக் கூடாது. அப்படிக் குடித்தால் பெரும்பகுதி எரிந்து வீணாகிவிடும். மூன்றாகப் பிரித்துச் சாப்பாட்டோடு குடியுங்கள்.

விலை பற்றி. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த அரியநோய்க் கொள்கையில், சிறப்பு உணவால் சமாளிக்கக்கூடிய நோய்களின் வரிசையில் பி.கே.யூ. பெயர் இருக்கிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று. சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பவுடருக்கு, உரிய சான்றிதழ் இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் சுங்கவரி கிடையாது. சான்றிதழ் வாங்க அலைய வேண்டும், அலையுங்கள். சாப்ராப்டெரின் என்ற மாத்திரை சிலருக்கு அந்த நொதியைத் தட்டி எழுப்பும், உங்களுக்குக் கேட்குமா என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த டெஸ்ட்டைக் காலையில், பவுடர் குடிப்பதற்கு முன்னால் எடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில். ராத்திரிப் பட்டினிக்குப் பின் ஃபீனைல்அலனின் உச்சத்தில் இருக்கும். பவுடர் குடித்தபின் எடுத்தால் டைரோசின் ஏறி, விகிதம் அழகாகத் தெரியும். பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் படித்த மாதிரிதான் அது.

லண்டனில் பிறந்தேன், அங்கே குதிகால் ரத்தப் பரிசோதனையிலேயே பி.கே.யூ. தெரிந்து வளர்ந்தவள். வயது 26. இப்போது கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறேன். லெவல் 12, 13 என்று ஓடுகிறது, எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. குழந்தைக்கு முயற்சி செய்யலாமா? கணவரைப் பரிசோதித்தார்கள், அவருக்கு அந்த மரபணுக் கோளாறு இல்லை என்கிறார்கள்.
*பெயர் வேண்டாம், சென்னை*

இன்றைக்கு வேண்டாம், தங்கச்சி. லெவல் இறங்கி நிலைத்தபின் தாராளமாக.

கணவருக்குக் கோளாறு இல்லாததால் உங்கள் குழந்தைக்குப் பி.கே.யூ. வராது. ஆனால் உங்கள் ரத்தம் அதற்குப் போகிறது. நஞ்சுக்கொடி அமினோ அமிலங்களைக் குழந்தைக்கென்று இழுத்துச் சேர்க்கும். உங்கள் ரத்தத்தில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். உங்கள் 13 அதற்கு இருபதுக்குப் பக்கம். தலை சிறுத்துப் பிறப்பது, இதயக் கோளாறு, அறிவு வளர்ச்சிக் குறை எல்லாம் இப்படித்தான் வருகின்றன. இதயம் முதல் சில வாரங்களிலேயே உருவாகிவிடுவதால், நாள் தள்ளிப்போனபின் ஆரம்பிப்பது தாமதம். கருத்தரிக்கும் முன்பே 2க்கும் 6க்கும் இடையில் கொண்டுவந்து, பிரசவம் வரை அங்கேயே வைக்க வேண்டும்.

இதில் இரண்டு இடங்களை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஒன்று மசக்கை. வாந்தியும் பட்டினியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே ஆத்தூர்த் தாயின் கடிதத்தைப் படியுங்கள், அதேதான். இன்னொன்று, பாதிக் கர்ப்பத்துக்கு அப்புறம் குழந்தை வேகமாக வளர்வதால் உங்களால் கூடுதல் புரதம் சாப்பிட முடியும். வாரம் ஒருமுறையாவது ரத்தம் பார்த்து, பங்கை ஏற்றிக்கொண்டே போவார்கள். சீமந்தத்துக்குள் உங்கள் சோற்றின் அளவைப் பார்த்து உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். புளியோதரையில் வேர்க்கடலையும் கடலைப்பருப்பும் மட்டும் கூடாது என்று மாமியாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எனக்கு எட்டாம் மாதம். குழந்தைக்கு இந்த டெஸ்ட் எடுக்கலாமா? நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள்.
*ஒரு வாசகி, மதுரை*

எடுங்கள். பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணுவில் ஒரு பழுதான பிரதி இருந்தால்தான் ஒவ்வொரு பேறுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்றால் இருவரிடமும் ஒரே பிரதி இருக்கும் சாத்தியம் கூடுகிறது. பிறந்து 48 மணிநேரம் கழித்து, பால் குடிக்க ஆரம்பித்தபின் குதிகாலில் குத்தி, தடித்த தாளில் நாலைந்து சொட்டு எடுப்பார்கள். வயிற்றில் இருந்தவரை உங்கள் கல்லீரல் குழந்தைக்கும் சேர்த்து வேலை பார்த்தது, அதனால் பிறந்த உடனே எடுத்தால் ஏறியிருக்காது. தாளில் சொட்டு எடுக்கும் இந்த வழியை 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி கொண்டுவந்தார். அதே தாளில் தைராய்டு குறைவும் தெரிந்துவிடும். நம் ஊரில் பி.கே.யூ.வைவிட அதுதான் பல மடங்கு அதிகம்.

பிள்ளையார் சதுர்த்திக்கு என் மகள் (6 வயது, பி.கே.யூ.) கொழுக்கட்டை கேட்கிறாள். வழி உண்டா?
*ஒரு தந்தை, நாமக்கல்*

உண்டு. மாவு ஜவ்வரிசி 100 கிராமைக் கழுவி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு மூன்று மணிநேரம் ஊறவையுங்கள். விரலில் நசுங்க வேண்டும், கொழகொழ என்று ஆகக் கூடாது. 60 கிராம் வெல்லத்தைப் பாகாக்கி வடிகட்டி ஆறவிடுங்கள். 20 கிராம் தேங்காய்த் துருவல், ஏலக்காய், ஒரு ஸ்பூன் நெய், ஜவ்வரிசி எல்லாம் சேர்த்துப் பிசைந்து, நெய் தொட்ட கையால் எட்டுக் கொழுக்கட்டை பிடித்து, முத்து முத்தாகக் கண்ணாடி தெரியும்வரை ஆவியில் வேகவையுங்கள்.

எட்டுக்கும் சேர்த்து 1 கிராம் புரதத்தைச் சற்றுத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் தேங்காயில் இருப்பதுதான். நோட்டில் ஒன்றுக்கு 8 மில்லிகிராம் ஃபீனைல்அலனின் என்று எழுதிக்கொள்ளுங்கள். அரிசிமாவில் பிடித்திருந்தால் ஒன்றுக்கு 50 வந்திருக்கும். சுண்டல் கிண்ணத்தை மட்டும் அவள் கைக்கு எட்டாத பக்கமாக வைத்துவிடுங்கள்.